பார்மட் போட்டும் போகாத வியாதி

2003 ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், குரோம்பேட்டையில் அவன் வழக்கமாகப் போகும் பிரவுசிங் சென்டரில் யாராலும் ஒரு மின்னஞ்சலைக்கூட முழுசாக அடித்து முடிக்க முடியவில்லை. இணைப்புக் கிடைத்த சில நிமிடங்களில் திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். 60, 59, 58 என்று எண்கள் இறங்கும். பூஜ்யத்தைத் தொட்டதும் கம்ப்யூட்டர் தானே அணைந்து தானே எழும். கடைக்காரர் ஒவ்வொரு மேஜையாக ஓடிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் மணிக்கணக்குக் காசைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிளாஸ்டர் என்ற புழு அது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி வெளியே தெரியவந்து, சில நாள்களில் உலகம் சுற்றிவிட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைப்பதற்கான இணைப்பை ஜூலை 16-ஆம் தேதியே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. டயல்-அப்பில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வீடுகளில் அதை இறக்கி வைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ரன் பெட்டியில் ‘ஷட்டவுன் மைனஸ் ஏ’ என்று அடித்தால் அந்த எண்ணிக்கை நின்றுவிடும் என்பதை ஒரு கல்லூரிப் பையன் கண்டுபிடித்து வந்து சொன்னான். அன்றைக்கு அந்தக் கடைக்கு அவன்தான் ராஜா.

வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வது அந்தப் புழுவின் நோக்கமே இல்லை. மைக்ரோசாஃப்டின் அப்டேட் தளத்தைத் தாக்குவதற்கு ஆள் திரட்டுவதுதான் அதன் வேலை. எதிரில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பியா, விண்டோஸ் 2000-ஆ என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஒன்றை நம்பித் தாக்கும். கணிப்புத் தப்பினால் விண்டோஸின் ஆர்.பி.சி. என்ற சேவை செத்துவிழும். அது இல்லாமல் விண்டோஸால் ஓட முடியாது என்பதால், ஒரு நிமிட அவகாசம் கொடுத்துவிட்டுத் தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளும். ஊரெல்லாம் புழுவின் அடையாளமாக நினைத்தது அதன் கோணல் குறியைத்தான்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் சாஸர் வந்தது. அதை எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த பதின்வயது மாணவர். இந்த முறையும் அதே மாதிரி எண்கள் இறங்கின, மறுபடியும் ரீஸ்டார்ட்தான். இந்த இரண்டும் சேர்ந்து வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டன: தானாக ரீஸ்டார்ட் ஆனால் வைரஸ், வைரஸ் என்றால் பார்மட். 2006-இல் அவன் வீட்டுப் பெட்டி சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தபோது தெருவில் அத்தனை பேரும் இந்தப் பாடத்தைத்தான் ஒப்பித்தார்கள்.

அது 2003-இல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய பெட்டி. 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, 256 எம்.பி. ராம், 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், மேஜையில் பாதியை அடைத்துக்கொள்ளும் 17 அங்குல மானிட்டர். அப்பாவின் சேமநல நிதிக் கடனில் வந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அம்மா வைக்கும் சந்தனமும் குங்குமமும் கேபினெட்டின் நெற்றியில் அடுக்கடுக்காகக் காய்ந்திருக்கும். அதை வைத்துத்தான் அவன் டி.டி.பி. வேலை செய்துகொண்டிருந்தான். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ். எல்லாம் பேஜ்மேக்கரில். உபயதாரர் பட்டியல் மட்டும் ஒரு பக்கம் வரும். ஒருவர் பேர் விட்டுப்போனாலும் பஞ்சாயத்து.

முதலில் அது காலையில் மட்டும் முரண்டு பிடித்தது. மார்கழி மாதம். பட்டனை அழுத்தினால் மின்விசிறி சுற்றும், திரையில் எதுவும் வராது. அணைத்து அணைத்துப் போட்டால் ஒருவழியாக எழும். ஒருமுறை எழுந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க ஓடும். ‘குளிர்ல அதுவும் போர்த்திக்கிட்டுத் தூங்குது’ என்று தங்கை கிண்டலடித்தாள். அந்தக் கிண்டலுக்குள் அசல் காரணத்தின் பாதி ஒளிந்திருந்தது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

பங்குனி போய்ச் சித்திரை வந்தபோது, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழ ஆரம்பித்தது. எண்கள் எதுவும் இறங்கவில்லை. எச்சரிக்கைப் பெட்டி வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெயருக்குக் கீழே தாத்தா பெயரைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது திரை பொசுக்கென்று கறுக்கும். கேபினெட்டுக்குள்ளிருந்து ஒற்றை பீப் சத்தம். எந்தத் தப்பும் நடக்காதது போல விண்டோஸின் பச்சைப் புல்வெளி மறுபடி வந்து நிற்கும். சேமிக்காத பக்கம் போனது போனதுதான். வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண் வீட்டுக்காரரிடம் போய், இன்னும் அரைமணி நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

சர்வீஸ் பையன் வந்தான். பெட்டியைத் திறக்கவே இல்லை. ‘வைரஸ்ணா. பார்மட் போட்டுடலாம்’ என்றான். கோப்புகளை சி.டி.யில் ஏற்றி வைத்துவிட்டு, எக்ஸ்பி தகட்டைச் செருகினான். நீலத் திரை, சாம்பல் கோடு, கோப்புகள் படியெடுப்பது எல்லாம் முடிந்து, ‘இன்னும் 39 நிமிடங்கள்’ என்று காட்டும் அந்தப் புகழ்பெற்ற கட்டம் வந்தது. அந்தக் காலத்தில் எக்ஸ்பி போட்டுப் பார்த்தவர் யாருக்கும் 39 என்ற எண் மறக்காது. அங்கிருந்து கொஞ்சம் இறங்கியது. அப்புறம் திரை கறுத்தது. பீப்.

ஹார்ட் டிஸ்க் துடைத்துவிட்ட சிலேட்டாக இருக்கிறது. இணையக் கம்பி பிடுங்கிக் கிடக்கிறது. விண்டோஸே இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இதில் வைரஸ் எங்கிருந்து வரும் என்று அவன் கேட்டான். சர்வீஸ் பையன் தகட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, சட்டையில் துடைத்துவிட்டு, ‘சி.டி. சரியில்லைணா’ என்றான்.

அவன் பட்டப்படிப்பு பௌதிகம். ஆய்வகத்தில் அளவீடு எடுத்த பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வியாதியின் பெரிய தொல்லை எது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நின்றுபோன இயந்திரம் நின்ற இடத்திலேயே கிடக்கும், தொட்டுப் பார்க்கலாம். இது விழுந்த அடுத்த நொடியே எழுந்து, இடத்தைப் பெருக்கிக் கோலம் போட்டுவிடுகிறது. வைரஸ், வெப்பம், ராம், கரண்ட் என எது காரணமாக இருந்தாலும் வெளியே தெரிவது அதே கறுப்புத் திரை, அதே பீப். அதனால் முதல் வேலை, தடயத்தை அழிக்க விடாமல் தடுப்பது.

திரும்பத் திரும்ப முயன்று ஒருவழியாக எக்ஸ்பி ஏறியது. அதில் இதற்கு ஒரு வழி இருந்தது. மை கம்ப்யூட்டர் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு, அதில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’. உள்ளே போனால், கோளாறு ஏற்பட்டால் தானே ரீஸ்டார்ட் செய் என்று ஒரு கட்டம் டிக் அடித்தபடியே இருக்கும். விண்டோஸ் தடுக்கி விழும்போது காரணத்தை ஒரு நீலத் திரையில் எழுதிக் காட்டும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் இந்த டிக் இருக்கும்வரை அந்த நீலத் திரை கண்சிமிட்டும் நேரம்தான் நிற்கும், படிப்பதற்குள் ரீஸ்டார்ட். பார்ப்பவர் பயப்படக் கூடாது என்று யாரோ நல்லெண்ணத்தில் வைத்த ஏற்பாடு போலிருக்கிறது. நோயாளியின் வாயைப் பொத்திவிட்டு வைத்தியம் பார்க்கச் சொல்லும் நல்லெண்ணம்.

அவன் அந்த டிக்கை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். அடுத்த முறை விழுந்தபோது நீலம் வரவில்லை. முன்பு போலவே கறுப்புதான்.

இது ஏமாற்றம்போலத் தோன்றும். உண்மையில் பெரிய செய்தி. விண்டோஸுக்குக் கடைசி வார்த்தை சொல்லக்கூட அவகாசம் இல்லை என்றால், தவறு அதற்குள் நடக்கவில்லை, அதன் காலுக்குக் கீழே தரை போயிருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால் அதுவும் இதையே சொன்னது. 6008 என்ற எண்ணோடு வரிசையாகச் சிவப்புக் குறிகள். இன்ன தேதி, இன்ன நேரத்தில் நடந்த ஷட்டவுன் எதிர்பாராதது என்று ஒவ்வொன்றிலும் ஒரே வாக்கியம். எழுந்த பிறகு, முன்பு முறைப்படி விடைபெறவில்லையே என்று கணக்குப் பார்த்து விண்டோஸ் எழுதும் வரி அது. விழும்போது எழுதியது ஒன்றும் இல்லை. நினைவகக் கோப்புகள் சேரும் மினிடம்ப் அடைவும் காலி.

இதோடு சமாதானம் ஆகாமல், கணினி இதழ் ஒன்றோடு இலவசமாக வந்த நாப்பிக்ஸ் தகட்டைப் போட்டுக் கிளப்பினான். அதிலுள்ள லினக்ஸ் முழுக்க சி.டி.யிலிருந்தே ஓடும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. அதில் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டான். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் கறுப்பு, பீப். விண்டோஸ் அன்றைக்கு நிரபராதி என்று விடுதலையானது.

அப்பாவின் கட்சி வேறு. அவருக்கு யு.பி.எஸ். மேல் சந்தேகம். கோடையில் மாலை ஆனால் குழல் விளக்கு மங்கி, மிக்ஸி முனகும் லோ வோல்டேஜ் வீடு அது. சந்தேகம் நியாயமானதுதான். மூன்று வருஷமான யு.பி.எஸ்.ஸில் 12 வோல்ட் பேட்டரி தேய்ந்திருந்தால், கரண்ட் ஒரு கணம் தடுமாறும்போது தாங்கிப் பிடிக்காமல் கைவிட்டுவிடும். ஆனால் மானிட்டரும் அதே யு.பி.எஸ்.ஸில்தான் செருகியிருந்தது. அடுத்த முறை அப்பாவை நாற்காலி போட்டு மானிட்டருக்கு முன்னால் உட்கார வைத்தான். படம் போனது; மானிட்டரின் மூலையில் இருந்த சிறு விளக்கு அணையவில்லை, பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறி, மறுபடி பச்சையானது. கம்ப்யூட்டரிலிருந்து படம் வரவில்லை என்பதற்குத்தான் ஆரஞ்சு. கரண்ட் போயிருந்தால் விளக்கே அணைந்திருக்கும். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ‘அப்ப உள்ளதான்’ என்று எழுந்து போனார். எந்தக் கருவியும் இல்லாமல், செலவும் இல்லாமல், சந்தேகப் பட்டியலில் பாதியை அந்த விளக்கு அடித்துவிட்டது.

அதன் பிறகுதான் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே மூன்று வருஷத்துத் தூசி. பிராசசர் மேலிருந்த ஹீட் சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் கம்பளித் துணி அடைத்ததுபோல அழுக்கு படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, காய்ந்து பொருக்காகியிருந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினார்கள். பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் சூடு குறைந்திருந்தது, ரீஸ்டார்ட் குறையவில்லை. பென்டியம் 4-இல் சூடு ஏறினால் முதலில் சிப்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் எல்லை மீறினால் மொத்தமாக அணைந்துவிடும். அணைந்தது அணைந்தபடி கிடந்தால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். இது அணையவில்லை, குதித்து எழுந்தது.

ராமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்க்கும் சடங்கும் நடந்தது. இந்தியாவில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவர்களில் அழிரப்பர் வாங்காதவர் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, துரு ஏறிய தொடர்புக்கு அது பல நேரம் வேலை செய்கிறது. இங்கே செய்யவில்லை. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடவிட்டார்கள். நினைவகத்தின் ஒவ்வொரு அறையிலும் ஒன்றும் பூஜ்யமுமாக எழுதி, எழுதியதே திரும்ப வருகிறதா என்று பார்க்கும் நிரல் அது. தப்பு இருந்தால் சிவப்பு வரிகள் வரும். விடிந்து பார்த்தால் ஒரு வரி இல்லை.

மிச்சம் இருந்தது, கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். அதன் மேல் 450 வாட் என்று பெரிதாக ஒட்டியிருந்தது. கையில் தூக்கினால் தக்கையாக இருக்கும். அந்த விலைக்கு அசெம்பிள் செய்யும் பெட்டிகளில் வந்த எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரை அப்படியே நம்பினவர் யாரும் இல்லை. அவன் அதைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் ‘பவர் குட்’ என்ற சமாசாரத்தைத் தெரிந்துகொண்டான். மதர்போர்டுக்குப் போகும் கம்பிக் கட்டில் சாம்பல் நிறக் கம்பி ஒன்று உண்டு. எஸ்.எம்.பி.எஸ். தன் மின்னழுத்தங்கள் எல்லாம் வரம்புக்குள் இருக்கின்றன என்று உறுதியானதும் அந்தக் கம்பியில் 5 வோல்ட் அனுப்பும். 12 வோல்ட் கம்பி என்றால் 11.4-க்குக் கீழேயும் 12.6-க்கு மேலேயும் போகக்கூடாது. அந்தச் சாம்பல் கம்பியில் சமிக்ஞை இருக்கும்வரை பிராசசர் ஓடும். ஒரு கணம் போனால் போர்டு எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். திரும்ப வந்ததும் முதலிலிருந்து தொடங்கும். திடீரென்று கறுத்து உடனே எழும் வியாதிக்கு இது அச்சு அசலாகப் பொருந்தியது.

நண்பன் வீட்டிலிருந்து நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைக் கடன் வாங்கி வந்தான். போர்டில் மாட்டும் முன் தனியாகச் சோதித்தான்: கட்டில் இருக்கும் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு ஹேர்பின்னால் இணைத்தால் அது தானே ஓடத் தொடங்கும். மாட்டினார்கள். பாட்டை ஓடவிட்டார்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம். தங்கை கைதட்டத் தொடங்கிய நேரம் பார்த்து, பீப்.

அந்த வாரம் கும்பாபிஷேக நோட்டீஸ் வேலை தாம்பரத்தில் வேறொருவருக்குப் போய்விட்டது.

எஸ்.எம்.பி.எஸ். தருவது சரியாக இருக்கிறதா என்று போர்டிலேயே அளந்து பார்க்க, மல்டிமீட்டர் கடன் கேட்டுத்தான் டி.வி. மெக்கானிக் கடைக்குப் போனான். எட்டுக்குப் பத்து கடை. சுவரெல்லாம் பிக்சர் டியூப். டயனோரா, சாலிடேர் காலத்திலிருந்து டி.வி. திறந்துகொண்டிருக்கும் மனிதர், தெருவுக்கே அண்ணன். கம்ப்யூட்டர் அவருக்குச் சுத்தமாகப் பழக்கமில்லை. மீட்டரை எடுத்துக் கொடுப்பதற்கு முன், என்னவாம் என்று கேட்டார். அவன் சொன்னான். அவர் நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்தினார்.

‘காத்தால எழுந்திருக்க அடம் புடிக்குதுன்னியே, அது சூடானா சரியாப் போவுதா?’

‘ஆமாண்ணே. மார்கழில அப்படித்தான் இருந்துச்சு. இப்பதான் ஓடும்போதே விழுது.’

‘தம்பி, அந்தப் பலகைய மட்டும் கழட்டி எடுத்தா.’

போர்டு வந்ததும் அவர் மீட்டரைத் தொடவில்லை. மேஜை விளக்கை இழுத்து, போர்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தார். பிராசசர் குழிக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் கனத்தில் உருளைகள் வரிசையாக நின்றன. நல்ல உருளையின் தலை தட்டையாக, கண்ணாடிபோல வெளிச்சத்தைத் திருப்பும். இவற்றில் பல தலைகள் மேலே குவிந்திருந்தன. ஒன்றின் உச்சியில் கீறியிருந்த குறுக்குக் கோடு பிளந்து, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அண்ணன் ஒவ்வொன்றின் தலையிலும் விரல் நுனியை வைத்துத் தடவிக்கொண்டே போனார். ‘ஊதிப்போச்சு. இதுவும் ஊதிப்போச்சு. இது ஊதப் போவுது. எல்லாம் கண்டன்சர் கேஸுப்பா.’

அவனும் தூசி தட்டியவர்களும் அத்தனை பேரும் பார்த்த இடம்தான் அது. ஹீட் சிங்குக்கும் கம்பிக் கட்டுக்கும் நடுவில் நிழலில் இருந்தது.

பென்டியம் 4 சிப்புக்கு வேண்டியது சுமார் 1.5 வோல்ட். முழு வேலை கொடுத்தால் அது 60 வாட் குடிக்கும். கணக்குப் போட்டால் 40 ஆம்பியர். வீட்டில் ஹீட்டர் மாட்டும் பெரிய பிளக்கே 15 ஆம்பியர்தான். எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கும் 12 வோல்ட்டை 1.5 ஆக இறக்கி, இவ்வளவு ஆம்பியரையும் சிப் கேட்ட கணத்தில் கொடுப்பது சிப்பைச் சுற்றியிருக்கும் சுற்றுதான். அந்த உருளைகள் அதில் மொட்டைமாடித் தொட்டி: குழாயைத் திறந்ததும் மோட்டார் ஓடி வரும்வரை கைகொடுப்பவை. அவற்றுக்குள் இருக்கும் திரவம் கெட்டால் உள்தடை ஏறும், கொள்ளளவு இறங்கும். மின்னஞ்சல் படிக்கும்போது சிப் கொஞ்சமாகக் கேட்கும், சமாளித்துவிடும். பாட்டு ஓடினாலோ, பேஜ்மேக்கரில் பெரிய படத்தைத் திருப்பினாலோ திடீரென்று அள்ளும், 1.5 வோல்ட் ஒரு கணம் சரியும், சிப் நினைவிழக்கும். குளிரில் அந்தத் திரவத்தின் தடை இன்னும் கூடும், சூடானால் குறையும். மார்கழிக் காலையில் பெட்டி போர்த்திக்கொண்டு தூங்கியதற்கு அதுதான் காரணம். டி.வி.யில் இருபது வருஷம் கண்டன்சர் மாற்றியவருக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ‘காலையில்’ என்ற ஒரு சொல் போதும்.

குரோம்பேட்டைப் பெட்டி ஒன்றும் தனிப்பிறவி இல்லை. 1999-இல் தொடங்கி 2000-களின் நடுப்பகுதி வரை உலகமெங்கும் மதர்போர்டுகளில் இதே உருளைகள் காலம் வருமுன் ஊதி வெடித்தன. கண்டன்சரின் இன்னொரு பெயரான கெப்பாசிடரைச் சேர்த்து, ‘கெப்பாசிடர் பிளேக்’ என்று கொள்ளைநோய்க்குரிய பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. உருளைக்குள் இருக்கும் திரவத்தில் தண்ணீர் அதிகம். அது அலுமினியத்தோடு சேர்ந்து அரிக்காமலிருக்கத் தடுப்புப் பொருள் சேர்க்க வேண்டும். அது சரியாக இல்லாத கலவையில் ஹைட்ரஜன் வாயு உண்டாகி, உள்ளே அழுத்தம் ஏறும். உச்சியில் இருக்கும் கீறல், குண்டாக வெடிக்காமல் அந்த இடத்தில் மட்டும் பிளக்கட்டும் என்று வேண்டுமென்றே போட்டது. திரவத்தின் செய்முறை ஓரிடத்திலிருந்து திருடப்பட்டு, அரைகுறையாகப் படியெடுக்கப்பட்டது என்று ஒரு கதை 2003-இல் தொழில்நுட்ப இதழ்களில் அடிபட்டது. துப்பறியும் நாவலுக்கு ஏற்ற கதை. முழுக்க நிரூபணமானது இல்லை. பணக் கணக்கு மட்டும் நிஜம். பழுதான போர்டுகளை மாற்றித்தருவதற்காக டெல் நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. ஆப்பிள் தன் ஐமேக் ஜி5 ரகத்துக்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. அதே உருளைகள் மலிவான போர்டுகளில் ஏறி நம்மூர் வீடுகளுக்கும் வந்தன. இங்கே அவற்றுக்குக் கிடைத்த வைத்தியம் பார்மட்.

வெப்பமும் கூட்டாளிதான். இந்த வகைக் கண்டன்சருக்குச் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. மின்விசிறிக்குக் கீழே சென்னைச் சித்திரையில், தூசி அடைத்த ஹீட் சிங்குக்குப் பக்கத்திலேயே நின்ற உருளைகள் மூன்று வருஷம் தாங்கியதே பெரிது.

மாற்றுக் கண்டன்சர் வாங்க அவனை ரிச்சி தெருவுக்கு அனுப்பினார் அண்ணன். அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தைத் தாண்டிப் போய், நரசிங்கபுரம் தெருவும் ரிச்சி தெருவும் பின்னிக்கொள்ளும் அந்தச் சந்துகளில், ஒரு ஆள் நிற்குமளவு கடை. கடைக்காரர் சீட்டை வாங்கிப் படித்தார். 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட், 105 டிகிரி. நிமிர்ந்து, ‘டி.வி.க்கா, போர்டுக்கா?’ என்றார். போர்டுக்கு என்றதும் முதலில் எடுத்த டப்பாவை வைத்துவிட்டு, மேல் தட்டிலிருந்து வேறொன்றை இறக்கினார். ‘இதான் லோ ஈ.எஸ்.ஆர். அத போட்டா ஒரு மாசத்துல திரும்பி வருவ.’ உள்தடை குறைந்த ரகம் அது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. விலை வித்தியாசம் ஒரு டீக்காசு இருக்கும்.

வேலை அன்று சாயங்காலமே நடந்தது. மதர்போர்டு பல அடுக்குகள் கொண்டது. நடு அடுக்கில் இருக்கும் செம்புத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். டி.வி.க்குப் பயன்படுத்தும் 25 வாட் சால்டரிங் அயர்ன் வைத்தால் ஈயம் அசையவே இல்லை. அண்ணன் பெரியதை எடுத்தார். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயத்தை உருக்கிவிட்டார். இரண்டும் கலந்ததும் இளகியது. ஒரு காலைச் சூடாக்கி உருளையை இந்தப் பக்கம் சாய்ப்பது, மறு காலைச் சூடாக்கி அந்தப் பக்கம் சாய்ப்பது. அவசரப்பட்டு இழுத்தால் துளைக்குள் இருக்கும் செம்புப் பூச்சும் கையோடு வரும், போர்டு குப்பைக்குப் போகும். உருளை வெளியே வந்தபின் துளையில் அடைத்திருக்கும் ஈயத்தைச் சூடாக்கி, ஊசியால் குத்தி வழி விட்டார். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன், உடம்பில் வெள்ளைப் பட்டை எந்தப் பக்கம் என்று பார்த்து போர்டில் சாக்குக்கட்டியால் புள்ளி வைத்தார். அந்தப் பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் கரண்ட் விட்ட உடனே பட்டாசு. ஊதாத உருளைகளையும் விடவில்லை. ‘ஒரே ஈத்துல பொறந்தது. இது மட்டும் நல்லாருக்குமா?’

மேஜை மேலேயே எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுவிட்ச் பின்களைத் தொட்டு எழுப்பினார்கள். ஒற்றை பீப். பிறகு அந்தப் பாட்டு முழுக்க ஓடியது. அடுத்த பாட்டும் ஓடியது. அண்ணன் கூலி வாங்கவில்லை. பதிலுக்கு, கடைக்கு ஒரு லெட்டர்பேட் அடித்துத் தரச் சொன்னார். அது பேஜ்மேக்கரில், குறுக்கே எதுவும் விழாமல், ஒரே மூச்சில் முடிந்தது.

விஷயம் பரவியது. அதே வியாதியோடு பக்கத்துத் தெருக்களிலிருந்து போர்டுகள் வர ஆரம்பித்தன. சில மாதம் கழித்து, முன்பு பார்மட் போட்ட சர்வீஸ் பையனே பிளாஸ்டிக் பையில் போர்டுகளைக் கொண்டுவந்து கடை வாசலில் காத்திருந்தான். டி.வி. மெக்கானிக் பலகையில் ‘மதர்போர்டு சர்வீஸ் செய்யப்படும்’ என்று ஒரு வரி ஏறியது. அந்த வரியை டிசைன் செய்ததும் இவன்தான். 2000-களின் கடைசியில் போர்டு தயாரிப்பாளர்கள் சிப்பைச் சுற்றி திரவம் இல்லாத பாலிமர் கண்டன்சர்களுக்கு மாறினார்கள். ஊதுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. அந்த வரி மெதுவாக வெளிறி, கடையே செல்போன் சர்வீஸ் ஆகிவிட்டது.

வியாதி மட்டும் வேறு உருவத்தில் வந்துகொண்டிருக்கிறது. அவனுடைய அண்ணன் மகன் — கூடப்பிறந்த அண்ணனின் மகன் — கேம் விளையாடப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டோடு ஒரு பெட்டி சேர்த்திருக்கிறான். பக்கத்துக் கண்ணாடிக்குள் வானவில் விளக்குகள். வரைகலை உச்சத்துக்குப் போகும்போது அது பொசுக்கென்று விழுந்து எழுகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, வைரஸாக இருக்கலாம், விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள் என்றார்களாம்.

‘ஈவென்ட் வியூவரைத் திற’ என்றார் சித்தப்பா. கெர்னல்-பவர், 41. விண்டோஸ் 7 காலத்திலிருந்து, முறைப்படி அணையாமல் எழுந்தால் பதிவாகும் எண். விவரத்தைத் திறந்தால் பக்செக் கோடு என்ற வரியில் பூஜ்யம்.

‘பூஜ்யம்னா என்ன சித்தப்பா?’

‘ஏன் விழுந்துச்சுன்னு விண்டோஸுக்கே தெரியலன்னு அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட் போட்டிருக்க?’

அவன் பெருமையாக ஒரு எண்ணைச் சொன்னான்.

‘அது ஸ்டிக்கர்ல இருக்கறது. கழட்டு, தூக்கிப் பார்ப்போம்.’